தாதுண் பறவையும் கட்டுண்ட மணிநாவும்: அகநானூற்று 4ஆம் பாடலைப் பூச்சிக்காப்புச் சான்றாகக் கொள்ளும் வாசிப்பு குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மலரில் தங்கிய வண்டுகள் கலங்குமே என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவரும் தலைவனை அகநானூற்றின் 4ஆம் பாடல் காட்டுகிறது. குறுங்குடி மருதனார் பாடிய இம்முல்லைப் பாடல், சங்கத் தமிழர் பூச்சியினங்களைப் பேணினர் என்பதற்குச் சான்றாகச் சூழலியல் நோக்கிலான தமிழாய்வுகளில் எடுத்தாளப்பட்டு வருகிறது. அம்முடிவைப் பாடலின் கூற்று, சொல்லாட்சி, முல்லைத்திணை மரபு, தொல்காப்பிய மரபியலின் உயிர்ப்பாகுபாடு, அகநானூற்று 134ஆம் பாடலோடு ஒப்பீடு ஆகியவற்றின் துணையோடு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பாடல் பூச்சிக்காப்புக்குச் சான்றாகாது என்பதும், தன் செலவால் பிற உயிர்க்கு நேரும் கலக்கத்தைக் கருதித் தன்னை அடக்கிக்கொள்ளும் மனநிலைக்கே அது சான்றாகும் என்பதும் இதன் முடிபுகள். நாங்குநேரி வட்டாரத்தின் இன்றைய வேளாண் சூழலில் அம்மனநிலைக்கு உள்ள பொருத்தமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அகநானூறு, குறுங்குடி மருதனார், தாதுண் பறவை, மூதாய், மரபியல், பேதுறல், பூச்சிக்காப்பு, நாங்குநேரி.

முன்னுரை

சங்க இலக்கியத்தைச் சூழலியல் நோக்கில் அணுகும் ஆய்வுகள் கடந்த சில பதிற்றாண்டுகளில் பெருகியுள்ளன. முல்லைக்குத் தேர் ஈந்த பாரி, மயிலுக்குப் போர்வை அளித்த பேகன் ஆகியோருக்கு அடுத்த நிலையில் இவ்வாய்வுகள் நாடும் சான்று, வண்டுக்காகத் தேர்மணியை அடக்கிய தலைவனே ஆவான். பாடலடிகளை எடுத்துக்காட்டி, "இதனால் சங்கத் தமிழர் பூச்சியினங்களைப் பாதுகாத்தனர் என்பது புலனாகிறது" என்னும் பாங்கில் ஒரு தொடரை அமைத்து அடுத்த சான்றுக்குச் செல்வது கருத்தரங்கக் கட்டுரைகளில் நிலைபெற்ற முறையாகிவிட்டது.

இம்முறையின் பயனை மறுப்பதற்கில்லை. பயிற்றுநூல்களின் எல்லையைக் கடந்து பாடலை மாணவரிடம் கொண்டுசேர்த்தது அது. சிற்றுயிர்களும் இலக்கிய ஆய்வுக்கு உரியனவே என்னும் எண்ணத்தையும் அது ஊன்றியது. ஆயினும், சான்றாகக் காட்டப்பெறும் பாடல் உண்மையில் எதனைச் சொல்கிறது, யார் சொல்கிறார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார் ஆகிய அடிப்படை வினாக்கள் அம்முறையில் விடுபட்டுப் போகின்றன. அவ்வினாக்களை எழுப்பினால் பாடல் தன் சான்றாண்மையை இழக்கிறதா, வேறொன்றிற்குச் சான்றாகிறதா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

இச்சிக்கலை நாங்குநேரி வட்டாரத்திலிருந்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. பாடலாசிரியரின் பெயரிலுள்ள குறுங்குடி, இவ்வட்டத்தில் நம்பியாற்றங்கரையில் அமைந்த திருக்குறுங்குடியே எனக் கொள்ளும் வழக்கம் உள்ளது. ஆழ்வார் பாடல்களில் குறுங்குடி என்றே அவ்வூர் சுட்டப்படுவது இக்கருத்திற்கு வலுவூட்டும். எனினும் பெயரொற்றுமையே இதற்குரிய முதன்மைச் சான்று. மேலும், தலைவியின் நலத்திற்கு உவமையாகும் காந்தளைப் பாடல் உறந்தைக்குக் கிழக்கிலுள்ள நெடுங்குன்றத்தில் வைக்கிறது. உறந்தை சோழநாட்டு உறையூர். புலவர் குறுங்குடியினர் என்றே கொண்டாலும், அவர் பாடியது குறுங்குடிக் காட்டை என்று கொள்ள இடமில்லை. வட்டாரப் பெருமிதம் ஆய்வு முடிபாக மாறும் இடம் இது என்பதால் இதனைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்த வேண்டியுள்ளது.

பாடலும் அதன் கூற்றும்

அகநானூற்றில் 4, 14, 24 என நான்கில் முடியும் எண்ணுடைய பாடல்கள் முல்லைத்திணைக்கு உரியவை. அவ்வரிசையின் முதற்பாடல் இது. கார்ப்பருவம் வந்துவிட்டது, திரும்பி வருவதாகக் கூறிச் சென்ற தலைவன் இன்னும் வரவில்லை. வருந்தும் தலைவியிடம் பருவத்தைக் காட்டி, அவன் வருவது உறுதி எனத் தோழி வற்புறுத்துகிறாள். முல்லை அரும்புகள் கூர்கொண்டதும், தேற்றாவும் கொன்றையும் முறுக்கவிழ்ந்ததும், இரும்பை முறுக்கினாற் போன்ற கொம்புடைய இரலை பரற்கற்கள் நிறைந்த பள்ளங்களில் துள்ளுவதும், மேகம் துளி சிதறுவதும் அடுக்கப்படுகின்றன. பின்னர், கொய்த பிடரிமயிரை உடைய குதிரைகளும் இசைக்கருவியின் நரம்பெனக் கடிவாள வார்கள் ஒலிக்கும் தேரும் வருகின்றன. பூத்த சோலையில் துணையோடு தங்கிய வண்டுகள் கலங்கக் கூடாதென்று மணிநாவைக் கட்டிய தேரன் அதோ தோன்றுகிறான் என்பது தோழியின் கூற்று.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, மணியைக் கட்டியதைச் சொல்பவன் தலைவன் அல்லன். பாடலில் அவன் பேசவே இல்லை. தொலைவிலுள்ள ஒருவனின் செயலையும் அச்செயலுக்குரிய காரணத்தையும் தோழியே கூறுகிறாள். ஆகவே இது நடந்த நிகழ்ச்சியின் பதிவாக இன்றி, ஆற்றுவிக்கும் நோக்கில் எழுந்த கூற்றாக அமைகிறது.

இரண்டாவது, தேர்மணியோசை தலைவனின் வருகையைத் தலைவிக்கு முன்னறிவிக்கும் அடையாளமாக அகப்பாடல்களில் பயின்றுவருவது. காத்திருப்பவளின் செவி அவ்வோசையையே நாடும். பருவம் வந்தும் மணியோசை கேட்கவில்லை என்பதே தலைவியின் கலக்கத்திற்கு அடிப்படையாகலாம். அந்நிலையில், 'ஓசை கேளாமைக்கு அவன் வாராமை காரணமன்று; வண்டுகளுக்காக அவன் மணியை அடக்கியிருக்கிறான்' என்னும் விடை தலைவியின் ஐயத்தை வேரறுக்கிறது. செவிக்கு எட்டாதவனைத் தோழி கண்ணுக்குக் காட்டுகிறாள். 'உதுக்காண்' என்னும் சுட்டு அதற்கே பயன்படுகிறது. உதுச் சுட்டு மிக அண்மையையோ மிகச் சேய்மையையோ குறியாது இடைப்பட்ட இடத்தைக் குறிப்பது என்னும் இலக்கணக் குறிப்பு இவ்விளக்கத்திற்கு இயைகிறது. பார்வைக்கு எட்டும், ஓசைக்கு எட்டாத தொலைவு அது.

இவ்வாறு நோக்கின், கட்டப்பட்ட மணி பாடலின் வற்புறுத்தல் உத்திக்கு மையமாகிறது. பூச்சிக்காப்பு நோக்கிலான வாசிப்பு இக்கூற்றுச் சூழலை நீக்கி, தலைவன் மணியைக் கட்டினான் என்பதை மட்டும் தனித்தெடுக்கிறது. அதனால் பாடலின் செம்பாதி இழக்கப்படுகிறது.

'ஆர்த்த' என்னும் சொல்

ஆர்த்தல் என்னும் வினைக்கு ஒலித்தல், கட்டுதல் என இரு பொருள் உண்டு. இப்பாடலில் இவ்வினை இருமுறை வருகிறது. கடிவாள வார்களின் ஓசைக்கு உவமையாகிய நரம்போடு இயைந்து வருமிடத்து ஒலித்தற்பொருள் பொருந்துகிறது. மணிநாவோடு இயைந்து வருமிடத்து ஒலித்தற்பொருள் கொண்டால், வண்டு கலங்குதற்கு அஞ்சியவன் மணியை ஒலித்தான் என முரண் தோன்றும். எனவே கட்டுதல் என்பதே உரிய பொருள். அச்சத்தைச் சுட்டும் தொடரே இப்பொருளை உறுதிசெய்கிறது.

ஒரே வினை சில அடிகளுக்குள் முதலில் ஓசைக்கும் பின்னர் ஓசையின் அடக்கத்திற்கும் ஆளப்பட்டிருப்பது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. பாடலின் ஒலிக்களம் இதனை உறுதிசெய்யும். கடிவாள வார்கள் நரம்பாய் ஒலிக்கின்றன. உறந்தையில் விழாவின் இசை முழங்குகிறது. இவ்வளவு ஓசைகளுக்கிடையே மணி ஒன்று மட்டும் அடங்கியிருக்கிறது. தேர் முற்றும் ஓசையற்றுச் செல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தலைவன் விரைவைக் கைவிடவில்லை. தன்னால் தவிர்க்கக்கூடிய ஓர் ஓசையைத் தவிர்க்கிறான். வண்டின் நலத்தையும் தலைவியின் நலத்தையும் ஒருசேரக் கருதியவனாகத் தோழி அவனைப் படைத்துக்காட்டுகிறாள்.

தும்பிக்குச் செவி உண்டா?

பாடலை அறிவியற் சான்றாகக் கொள்வோர் எதிர்கொள்ள வேண்டிய ஒரு தடை தமிழ் மரபிற்குள்ளேயே உள்ளது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கை கொண்டு பாகுபடுத்துகிறது. உடல், நா, மூக்கு, கண், செவி, மனம் என்னும் வரிசையில் அறிவு ஒவ்வொன்றாக மிகும். சிதலும் எறும்பும் மூவறிவின. நண்டும் தும்பியும் நாலறிவின. ஐந்தாவதாகிய செவியறிவு தும்பிக்கு இல்லை என்பது இப்பாகுபாட்டின் விளைவு. தும்பிக்குச் செவியறிவில்லை எனில், அதற்காக மணியை அடக்குவதில் பொருளில்லை. மரபியலின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே புலவர் மரபியலை அறிந்து மறுத்தார் என்றோ அறியாமல் பாடினார் என்றோ துணிய முடியாது. ஆனால் 'சங்கத் தமிழரின் பூச்சியறிவு' என ஒற்றைத் தொகுதியாகச் சுட்டப்படும் ஒன்றிற்குள் இத்தகைய முரண் உள்ளது என்பதை ஆய்வாளர் மறைத்தல் ஆகாது. ஒரே கட்டுரையில் மரபியலையும் இப்பாடலையும் அடுத்தடுத்து மேற்கோளாக்கி, இரண்டும் ஒரே முடிபைத் தருவதாகக் காட்டுவது இம்முரணைக் காணாமையின் விளைவே.

இன்றைய பூச்சியியலும் இவ்வினாவிற்கு எளிய விடை தருவதில்லை. தேனீக்குப் பாலூட்டிகளுக்கு உள்ளது போன்ற செவிப்பறை இல்லை. உணர்கொம்பிலுள்ள ஜான்ஸ்டன் உறுப்பு அண்மையில் நிகழும் காற்றசைவையும், கால்களிலுள்ள உணர்வுறுப்பு தான் அமர்ந்த பரப்பின் அதிர்வையும் அறியும். தேனடையில் நடனமிடும் தேனீயின் ஓசையை அருகிலுள்ளவை அறிவது இவ்வகையிலேயே. சோலையைக் கடந்து செல்லும் தேரின் மணியோசையை அது அவ்வாறு அறிதல் அரிது. குளம்பாலும் உருளையாலும் எழும் அதிர்வை அறிவது ஒருவேளை இயலும். அவற்றையோ தலைவன் அடக்கவில்லை.

'துணையோடு' என்னும் குறிப்பும் இவ்வாறே. மலரில் தாது திரட்டும் தேனீக்கள் இனப்பெருக்கம் செய்யாத பெண் தேனீக்கள். அரசித் தேனீயின் புணர்ச்சி வானில் பறக்கும்போது நிகழ்வது. எனவே மலரில் இணையாகத் தங்கும் உயிரைத் தேனீ எனக் கொள்ள இயலாது. மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டு முதலிய வேறினங்களைக் கொண்டு இதனை விளக்க முயல்வதும் தேவையற்றது. துணையைப் பிரிந்த ஒருவனின் செலவில் துணையோடிருக்கும் உயிர் கண்ணில் படுவது முல்லை மரபு. அத்துணைமை வண்டின் இயல்பை விடவும் காண்பவனின் நெஞ்சையே காட்டுகிறது.

இரலையும் மூதாயும்

இம்மரபை உறுதிசெய்வது சீத்தலைச் சாத்தனாரின் அகநானூற்று 134ஆம் பாடல். இதுவும் முல்லைத்திணைப் பாடலே. வினைமுடித்து மீளும் தலைவன் பாகனிடம் பேசுகிறான். குதிரைகளைத் தூண்டாது மெல்லச் செலுத்துமாறு வேண்டுகிறான். திரிந்த கொம்புடைய இரலையேறும் பிணையும் கூடியிருக்கும் நிலை தேரொலியால் கெடக்கூடும் என்பது அவன் கூறும் காரணம். 4ஆம் பாடலில் தோழி கூற்றாக வண்டுக்குச் சொல்லப்பட்டது, இங்குத் தலைவன் கூற்றாக இரலைக்குச் சொல்லப்படுகிறது. இணையோடு உள்ள உயிரைத் தேரோசை கலைக்கலாகாது என்னும் கருத்து முல்லைத்திணைக்கு உரிய பொது மரபு என்பது இதனால் விளங்கும்.

ஆனால் 134ஆம் பாடலில் ஆய்வாளர் பொதுவாகக் கடந்துசெல்லும் மற்றோர் உயிரும் உண்டு. மழைக்குப் பின் செந்நிலத்தில் காயாம்பூக்களுக்கிடையே சிவந்த மூதாய் பரவிக்கிடக்கிறது. 14, 304 ஆகிய முல்லைப் பாடல்களிலும் இக்காட்சி இடம்பெறுகிறது. நீலமணியோடு பவளம் கலந்தாற்போன்ற நிலம் என்பது புலவர்கள் கண்ட அழகு. ஊர்ப்புறங்களில் தம்பலப்பூச்சி என்றும் பட்டுப்பூச்சி என்றும் வழங்கும் இவ்வுயிர், வழக்கில் பூச்சி எனப்படினும் உயிரியல் வகைப்பாட்டில் சிலந்தியோடு இனமாகும் உண்ணி வகையைச் சார்ந்தது. முதிர்ந்த நிலையில் எட்டுக்கால்களும் இளநிலையில் ஆறுகால்களும் உடையது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து, மழையை அடுத்து மேலே வரும். மழைக்கும் மூதாயின் தோற்றத்திற்கும் உள்ள இவ்வியைபைச் சங்கப் புலவர்கள் பிழையறக் கண்டுள்ளனர். நோக்கறிவு என்னும் வகையில் தாதுண் பறவையைவிட மூதாயே வலிமையான சான்றாகும்.

இரலைக்காகத் தேரை மெல்லச் செலுத்தச் சொல்லும் தலைவன், அதே நிலத்தில் பரவிய மூதாய்க்காக எதுவும் சொல்வதில்லை. தேருருளை செல்லும் வழி மூதாய் பரவிய வழியே. இணையாய்க் காணப்படாத, ஓசையெழுப்பாத, மலரை நாடாத அச்சிற்றுயிர் நிலத்தின் அணியாக மட்டும் நின்றுவிடுகிறது. இதனைப் புலவரின் குறையாகக் கூறுவது பொருந்தாது. அகப்பாடலின் நோக்கம் அதுவன்று. ஆனால் இப்பாடல்களை உயிர்க்காப்புச் சான்றாகக் கொள்வோர் இதற்கு விடை கூறக் கடப்பாடுடையவர். பாடல்களில் வெளிப்படும் இரக்கம் மனித இணையோடு ஒப்புமை உடைய உயிர்களை மட்டுமே சென்றடைகிறது. எல்லா உயிர்க்கும் பொதுவான காப்பு நெறி எனப் பெயரிட்டால், அவ்வெல்லை கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

பெயர்ப் பொருத்தத்தின் இடர்

பாடலைச் சான்றாக்கும் முயற்சியின் மற்றொரு கூறு, பழஞ்சொற்களை இன்றைய இனப்பெயர்களோடு ஒன்றுக்கொன்றாகப் பொருத்துவது. தும்பி இன்ன இனம், சுரும்பு இன்ன இனம், ஞிமிறு இன்ன இனம் என அட்டவணைகள் தரப்படுகின்றன. தாதுண் பறவை என்னும் பெயரே இம்முயற்சிக்கு இடந்தராது. பறவை என்பது இங்குப் பறப்பது என்னும் தொழிற்பொருளது, புள்ளினத்தைக் குறிப்பதன்று. தாதை உண்ணுதல் என்பதும் தொழிலே. உயிரை அதன் செயலால் சுட்டும் பெயர் இது. உரையாசிரியர்கள் வண்டு எனப் பொதுப்பட உரைத்து அமைந்தனர். அவ்வமைதியைக் கடந்து ஓர் இனத்தைத் துணிவதற்குப் பாடலில் சான்றில்லை. வண்ணத்துப்பூச்சியை இதனுள் அடக்குவதும் துணிபாகாது. நம் நிலத்து வண்ணத்துப்பூச்சிகள் பெரும்பாலும் தேனை உறிஞ்சுவனவேயன்றித் தாதை உண்பன அல்ல.

பெயரிடல் சிறிய செயலன்று. 2019இல் தமிழ்நாடு அரசு தன் மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவனை அறிவித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் வாழிடமாகக் கொண்ட இவ்வினத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள சொல், சிறுநில உடைமையாளனாகிய உழவனையும் பணிக்காவலனையும் குறிப்பது. தமிழில் அது வீரனாயிற்று. இப்பெயரால் ஒரு பூச்சி மக்கள் கவனத்திற்கு வந்தது நற்பயனே. ஆயினும் பெயரும் பெருமிதமும் பெற்ற உயிருக்கே காப்பு எண்ணம் முதலில் செல்கிறது என்பதற்கும் இது எடுத்துக்காட்டு. நாங்குநேரியைச் சூழ்ந்த பகுதியின் காப்பிடங்களும் இதனைக் காட்டும். பாடலின் இரலைக்கு வல்லநாட்டில் 1987 முதல் காப்பிடம் உண்டு. வலசைப் பறவைகளுக்கு நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் காப்பிடமாயிற்று. மேற்கே களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988 முதல் உள்ளது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்ட அட்டவணைகளில் வண்ணத்துப்பூச்சிகள் பல பெயர்சுட்டிச் சேர்க்கப்பட்டுள்ளன. ஊர்ப்புற வேலியிலும் வயல்வரப்பிலும் வாழும் வண்டு, ஈ, தேனீ வகைகளில் மிகப் பெரும்பான்மையானவற்றிற்கு அத்தகைய இடமில்லை. தாதுண் பறவை என்னும் தொழிற்பெயரின் பொருளாழம் இங்கு வெளிப்படுகிறது. இனம் எதுவாயினும் மலரை நாடி வருவதெல்லாம் அதனுள் அடங்கும். ஓரினத்தை மட்டும் தேர்ந்தெடுக்காத அப்பெயரை ஓரினத்தோடு பொருத்துவது அதன் சிறப்பைக் குறைப்பதாகும்.

பயன் என்னும் அளவுகோல்

தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய நவீன எழுத்து பயன் என்னும் அளவுகோலோடு தொடங்கியது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பூச்சியியலாளர் பெயின்பிரிக் ஃபிளெட்சர் 1914இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, முக்கியத்துவம் வாய்ந்த தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றியது எனச் சுட்டுகிறது. டி.வி. இராமகிருஷ்ண ஐயர் 1940இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சியியல் கையேடும் பொருளாதார நோக்குடையது. பயிரைக் கெடுப்பது எது, உதவுவது எது என்னும் பாகுபாடு வேளாண்மைக்கு இன்றியமையாதது. அதன் தேவையை எவரும் மறுக்கார். இன்றைய காப்புப் பரப்புரையும் இவ்வளவுகோலையே தலைகீழாகப் பயன்படுத்துகிறது. மகரந்தச் சேர்க்கை இன்றேல் உணவு இல்லை. ஆதலால் பூச்சியைக் காக்க வேண்டும் என்பது அதன் வாதம்.

நாங்குநேரி வட்டாரத்தில் இவ்வாதம் எவ்வளவு செல்லும்? களக்காட்டுப் பகுதியின் பெரும்பயிர் வாழை. உண்ணும் வாழைப்பழம் மகரந்தச் சேர்க்கையின்றியே திரள்வது. குளத்துப்பாசன வயல்களின் பயிராகிய நெல் தன் மகரந்தத்தாலேயே மணி கட்டுவது. இவ்விரு பயிர்களையும் நம்பி வாழும் உழவரிடம் 'வண்டு இல்லையேல் விளைச்சல் இல்லை' என்பது எடுபடாது, அது உண்மையுமன்று. தெற்கே திசையன்விளைப் பகுதியின் முருங்கைக்கும் வீட்டுக்கொல்லையின் பூசணிக்கும் பூச்சி வேண்டும். வாழைக்கும் நெல்லுக்கும் அவ்வாறில்லை. பயனை மட்டும் அடிப்படையாகக் கொண்டால், வட்டாரத்தின் பெரும்பகுதி நிலத்தில் தாதுண்ணிகளுக்காகப் பேச வாதமே இல்லாது போகும்.

குறுங்குடி மருதனாரின் தலைவனுக்கு வண்டால் ஒரு பயனும் இல்லை என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். அவன் உழவனல்லன், வழிச்செல்வோன். வண்டு கலங்குவதால் அவனுக்கு இழப்பில்லை. அவ்வண்டைக் கருதுவதால் அவனது வரவை அறிவிக்கும் ஓசைதான் இழக்கப்படுகிறது. பயன் கருதாத தன்னடக்கம் என்பதே பாடல் உண்மையில் தரும் செய்தி. அதனைப் 'பாதுகாப்பு' என்னும் இன்றைய ஆட்சிச் சொல்லால் பெயர்ப்பது அதன் தனித்தன்மையை மறைக்கிறது.

பேதுறல்: ஒரு கலைச்சொல்

பாடலில் தலைவன் அஞ்சுவது வண்டின் இறப்பிற்கு அன்று, அதன் பேதுறலுக்கு. பேதுறல் என்பது அறிவு மயங்குதல், கலங்குதல், திகைத்தல் என்னும் பொருளது. இச்சொல்லின் நுண்மை இன்றைய பூச்சியியல் விவாதம் ஒன்றிற்குப் பெரிதும் பயன்படக்கூடியது.

பூச்சிக்கொல்லி ஒன்றின் தீமையை நெடுங்காலம் அளந்த முறை, எந்த அளவில் பாதி உயிர்கள் இறக்கின்றன என்பதே. இறவாத பூச்சி பாதிப்படையாதது என்னும் கருத்து அம்முறைக்குள் அடங்கியிருந்தது. நியோநிகோட்டினாய்டு வகை மருந்துகள் அக்கருத்தை அசைத்தன. தையமீத்தாக்சாம் என்னும் மருந்தைக் கொல்லாத அளவில் உட்கொண்ட தேனீக்கள் பல, தாது திரட்டச் சென்றபின் கூட்டுக்கு மீளவில்லை எனப் பிரான்சில் நிகழ்ந்து 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவை மருந்தின் நேரடி நஞ்சால் மடியவில்லை, வழி மயங்கின. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட், தையமீத்தாக்சாம், குளோத்தியானிடின் ஆகிய மூன்றையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. இமிடாகுளோபிரிட், தையமீத்தாக்சாம் ஆகியவை நம் வயல்களிலும் புழங்குபவை.

இறப்பில் முடியாத இவ்வகைத் தீங்கிற்குத் தமிழில் நிலைத்த கலைச்சொல் இல்லை. 'உயிர்போக்கா நச்சு விளைவு' என்பது போன்ற மொழிபெயர்ப்புத் தொடர்கள் நீண்டும் தெளிவற்றும் உள்ளன. பேதுறல் என்னும் சொல் அப்பொருளைச் சுருங்கவும் திட்பமாகவும் தரும். 'பேதுறல் விளைவு', 'பேதுறு அளவு' என ஆக்கங்கள் அமைக்கவும் அது இடந்தரும். புலவர் நச்சியலை முன்னறிந்தார் என்று இதனால் கூறவில்லை. அவ்வாறு கூறின் இக்கட்டுரை தான் மறுக்கும் பிழையைத் தானே செய்ததாகும். பழஞ்சொல்லின் பொருளெல்லை இன்றைய தேவை ஒன்றோடு பொருந்துகிறது என்பதே இங்குக் கூறப்படுவது. இலக்கியப் புலமை அறிவியலுக்குச் செய்யத்தக்க உதவி, முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்னும் உரிமைக் கோரிக்கையைவிட இத்தகைய சொல்வழங்கலில் மிகுதியும் உண்டு.

இக்கருத்தை வட்டாரத்தோடு பொருத்திப் பார்த்தல் கடினமன்று. நாங்குநேரியை ஊடறுத்துச் செல்லும் நான்குவழித் தேசிய நெடுஞ்சாலை 44இன் ஊர்திகளுக்கு மணி இல்லை, ஒளி உண்டு. இரவில் எரியும் செயற்கை விளக்கு அந்துகளைத் திசைமாற்றி ஈர்ப்பது யாவரும் கண்கூடாகக் காண்பது. பகலில் மலர் விரிந்திருக்கும் வேளையில் தெளிக்கப்படும் மருந்து தாதுண்ணியை நேரே சென்றடைகிறது. மாலையில் அவை அடங்கிய பின் தெளிப்பது, பூக்கும் பருவத்தில் தெளிப்பைத் தவிர்ப்பது, தேவையற்ற விளக்கை அணைப்பது, ஒளியைக் கீழ்நோக்கி மறைப்பது ஆகியவை வேளாண் துறையினர் அறிந்த எளிய நடைமுறைகளே. இவற்றால் பயிர்த்தொழிலோ போக்குவரத்தோ நின்றுவிடுவதில்லை. தேர் நிற்கவில்லை, மணிநா மட்டும் கட்டப்பட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் வருமாறு. அகநானூற்று 4ஆம் பாடலில் மணி கட்டப்பட்ட செய்தி தோழியின் ஆற்றுவிக்கும் கூற்றில் இடம்பெறுவது. மணியோசை கேளாமைக்கு விளக்கமாக அமைவது. அதனை வரலாற்று நிகழ்ச்சியாகவோ சமூக நெறியின் பதிவாகவோ கொள்ள இயலாது. மரபியலின் பாகுபாடும் இன்றைய பூச்சியியலும் தலைவனின் அச்சத்திற்கு நேரிய அடிப்படை தருவதில்லை. 134ஆம் பாடலோடு ஒப்பிடும்போது, இணையோடுள்ள உயிரைக் கலைக்காமை முல்லை மரபு என்பதும், அவ்விரக்கம் மூதாய் போன்ற உயிரைச் சென்றடையவில்லை என்பதும் தெளிவாகின்றன. தாதுண் பறவை என்பது தொழிற்பெயர், ஓரினத்தோடு பொருத்தத்தக்கதன்று. பயன் கருதாத தன்னடக்கமும், பேதுறல் என்னும் சொல்லின் நுண்மையும் பாடலிலிருந்து இன்றைய பூச்சிக்காப்புச் சிந்தனை பெறத்தக்கவை.

ஆய்வாளர் முன் நிற்கும் பணியும் இதனால் புலப்படும். சங்கப் பாடல்களில் வரும் சிற்றுயிர்ப் பெயர்களைக் கூற்று, திணை, பருவம் ஆகியவற்றோடு தொகுத்தல் முதற்பணி. வட்டார வழக்கில் இன்றும் உள்ள பூச்சிப் பெயர்களை உழவர், ஆயர், பனைத்தொழிலாளர் ஆகியோரிடம் கேட்டுப் பதிவுசெய்தல் இரண்டாம் பணி. இவ்விரு தொகுப்புகளையும் களப் பூச்சியியலாளரோடு அமர்ந்து ஒப்பிட்ட பின்னரே இனப் பொருத்தம் குறித்துப் பேசுதல் முறையாகும். திருநெல்வேலிப் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறையும் விலங்கியல்துறையும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இது. ஒரு கார்ப்பருவத்தில் நாங்குநேரி வட்டத்தின் சில ஊர்களில் தொடங்கினாலும் போதும். மழைக்குப் பின் மேலே வரும் மூதாயிலிருந்து அதனைத் தொடங்கலாம்.